நடு ஸ்பீக்கர்

திரையில் அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

வாய் அசைந்தது. குரல் இல்லை.

காற்று கேட்டது. பின்னணி இசை கேட்டது. தூரத்தில் ஒரு லாரியின் ஹாரன்கூடக் கேட்டது.

கதவைத் திறந்து உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தப் படத்துக்கு ஒலி அமைத்தவள் அவள். அவளுடைய முதல் படம். சங்கரன்கோவிலில் இந்த ஒரு தியேட்டர்தான் கிடைத்தது. அதிலும் பகல் பதினொன்றரைக் காட்சி மட்டும். மதுரையில் ஏறிய பஸ் வழியில் பஞ்சரானதால், படம் தொடங்கி நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்திருந்தாள்.

உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்தில் இருந்தவரிடம் குனிந்து, எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டாள்.

"மொதல்ல இருந்தே இப்படித்தாம்மா. அவார்டு படம்லா."

மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறி, படம் ஓட்டும் அறைக்குள் நுழைந்தாள்.

ஆபரேட்டர் பெயர் தவசி. ஐம்பது வயதிருக்கும். வசனமே வரவில்லை என்று அவள் மூச்சிரைக்கச் சொன்னதும், அவர் சுவரில் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கரைக் கை காட்டினார். அதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்துகொண்டிருந்தது.

"இங்க நல்லாத்தான கேக்கு."

அது இந்த அறைக்கு மட்டுமான ஸ்பீக்கர், ஹாலில் நடப்பது அதில் தெரியாது என்றாள். அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பால்கனிக்குக் கூட்டிப்போனாள்.

திரையைப் பார்த்தார். காதைச் சாய்த்தார். விறுவிறுவென்று அறைக்குத் திரும்பினார்.

வசனம் முழுவதும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரில்தான் வரும். இசை இடப்பக்கமும் வலப்பக்கமும். நடு ஸ்பீக்கர் மட்டும் செத்துக் கிடந்தது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். இல்லை.

வேறு கேபிள் மாற்றினாள். இல்லை.

மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நடுவில் இருந்ததில் சிவப்பு விளக்கு. அணைத்துப் போட்டாள். பச்சை வந்தது. ஹாலில் அரை வார்த்தை கேட்டது. மறுபடி சிவப்பு.

அணைத்தாள். போட்டாள். சிவப்பு.

தொட்டால் தோசைக்கல்லாகச் சுட்டது. விசிறித் துளைகளைப் பஞ்சுபோல் தூசி அடைத்திருந்தது. இதைக் கடைசியாக யார் துடைத்தது என்று கேட்டாள். மாற்று ஆம்ப்ளிஃபயர் தீபாவளிக்கு முன்பே ரிப்பேருக்குப் போனதாகவும், முதலாளியிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டதாகவும் தவசி முனகினார். மெக்கானிக்குக்கு போன் போட்டார். நாளை சாயங்காலம் வருவானாம்.

நாளை சாயங்காலம் இந்தப் படம் இங்கே இருக்காது.

எட்டு மாதம். இருமலையும் மூச்சையும்கூட ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். இரும்புச் சட்டத்தை உள்ளங்கையால் அறைந்தாள். கைதான் வலித்தது.

ஒரே வழிதான் இருந்தது. வலது பக்கத்து ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்கி நடு ஸ்பீக்கருக்குக் கொடுப்பது. வலது பக்கம் ஊமையாகிவிடும். அங்கே வைத்த அருவி, தறிச் சத்தம், பாதி வயலின், எல்லாம் போகும்.

போகட்டும் என்றாள்.

படத்தை நிறுத்தலாமா என்று கேட்டாள்.

"நிறுத்துனா எந்திரிச்சுப் போயிருவாங்கம்மா" என்றார் தவசி.

அவர் சொன்னது சரி. படத்தை ஓடவிட்டு ஒலியை மட்டும் அணைத்தார்கள். அவர் டார்ச் பிடித்தார். அவள் மண்டியிட்டு, வசனம் வரும் கேபிளை வலது ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றி மாற்றி முடுக்கினாள். விரல் கிழிந்தது. கீழே முழு நிசப்தத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு நாற்காலி மடங்கும் சத்தம். இன்னொன்று.

ஒலியைத் திறந்தார்கள். ஹாலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

தவசி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

முதலிலிருந்து போடச் சொன்னாள். படம் பாதியைத் தாண்டியிருந்தது. இரண்டரை மணிக்குப் பெரிய படம். தவசி அவள் எதிரிலேயே முதலாளிக்கு போன் போட்டுக் கேட்டார். ஒரு நிமிடம் காதில் வைத்திருந்துவிட்டு, முடியாதென்று தலையை ஆட்டினார்.

கீழே வந்தாள். ஒன்பது பேர்.

நடு வரிசையில் உட்கார்ந்தாள். குரல்கள் சுத்தமாக வந்தன. அவளுக்கு அழுகை வந்தது. கோபம்தான்.

இரண்டு நாற்காலி தள்ளி, மடியில் காய்கறிப் பையோடு ஒரு பெண் இருந்தாள். இவள் பக்கம் சாய்ந்தாள்.

"இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்காங்க. இந்தப் பிள்ள எதுக்கு அக்கா வீட்டுக்குப் போகமாட்டேங்குது?"

அதற்குப் படத்தில் பதில் இருந்தது. இருபத்திரண்டாவது நிமிடத்தில், குளத்தங்கரையில், தங்கை சொல்லும் ஒரே ஒரு வரி. அதைப் பத்தொன்பது முறை பதிவு செய்திருந்தார்கள். இந்த ஹாலில் ஒருவர் காதிலும் அது விழவில்லை.

நகர்ந்து உட்கார்ந்து, அந்த வரியைச் சொன்னாள்.

அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள். பிறகு படத்தில் வரும் லாரிக்காரனைப் பற்றிக் கேட்டாள். அதையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் திரையில் வந்த வசனங்கள் அடிபட்டுப் போயின.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. ஓரத்து ஆள் எழுந்து வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் இருவர்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்றார் அவர்.

திரையைப் பார்த்தாள். தங்கை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த இரண்டு நிமிடம் வெறும் மழைதான். படத்திலேயே அவள் மிகவும் பாடுபட்ட இடம்.

மழை தொடங்கியது.

திரைக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். நாற்காலியின் மேல்விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, முதல் காட்சியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.