முக்காட்டில் இருந்த ஈ

செசீலியா டீச்சர் வீட்டுக் கூடத்தில் தொங்கும் எண்ணெய்ச்சாயப் படத்தை றஜனிதான் தினமும் துடைப்பாள். படத்தில் இருந்தவள் ஓர் ஒல்லாந்துப் பெண். அவளைக் கீறிய ஓவியர் பெயர் யாருக்கும் தெரியாது. அவளுடைய வெள்ளை முக்காட்டில் அவர் ஓர் ஈயையும் கீறியிருந்தார். வேலைக்கு வந்த முதல் நாள் றஜனி அதை உயிருள்ள ஈ என்று நினைத்துத் துணியால் அடித்தாள்.

"ஐநூறு வருசமா இருக்கிற ஈ புள்ள, உன்ட அடிக்குப் பறக்குமா?" என்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்று காலை முக்காட்டில் ஈ இல்லை. படத்துப் பெண்ணின், சாயம் வெடிப்போடிய கன்னத்தில் வட்டமாக ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது.

"டீச்சர், இவவுக்கும் நாவூறு படாமப் பொட்டு வைச்சீங்களா?"

"எனக்கென்ன விசரா?"

றஜனி துணியைக் கீழே போட்டாள். பின்விறாந்தைக்கு ஓடினாள். ஏணைத் தொட்டிலில் அவளுடைய ஆறுமாத மகள் அசையாமல் கிடந்தாள். விடிய அவள் கன்னத்தில் வைத்துவிட்ட மைப்பொட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் ஈ இருந்தது. கையை வீசினாள், பறக்கவில்லை. நகத்தால் சுரண்டினாள், காய்ந்த சாயமாக இறுகியிருந்தது. அதைச் சுற்றிப் பிள்ளையின் கன்னத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடத் தொடங்கியிருந்தன.

கூடத்திலிருந்து டீச்சர் சந்தோசமாகக் கூப்பிட்டார்.

"றஜனி, ஓடி வந்து பார் புள்ள! இவட முகத்தில இப்ப ஒரு வெடிப்பும் இல்ல!"