மெஷினுக்கும் புரட்டாசி

"இது என்னது?"

அப்பா என் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தார்.

பாத்திரம் கழுவும் மெஷின் பாதியிலேயே நின்றுவிட்டது. அடியில் தண்ணீர் தேங்கி, சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. யூடியூப் பார்த்து நானே அடியில் இருந்த வடிகட்டியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி வெள்ளையாய், வட்டமாய் ஏழெட்டு.

"மீன் எலும்பு," என்றேன்.

"புரட்டாசியிலயா!"

சிங்கப்பூரில், எங்கள் செங்காங் வீட்டில் புரட்டாசி என்றால் முட்டைகூட வாசலைத் தாண்டாது. இந்த வருஷம் அப்பா மெஷினையும் விடவில்லை. மாசம் பிறப்பதற்கு முதல் நாள் வடிகட்டியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, காலி மெஷினை இரண்டு தடவை சுடுதண்ணீரில் ஓடவிட்டார். அதற்கு நாமம் போடாததுதான் குறை.

"சுஷ்மிதா, நீதானே?"

பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருக்கிறேன். எது நடந்தாலும் என் தலையில்தான் விழும்.

"போன வாரம் சிக்கன் நகெட் சாப்பிட்டேன்பா, ஒத்துக்கிறேன். மீன் நான் இல்ல."

"நகெட் வேறயா! சனிக்கிழமை ஜேபி ட்ரிப் கட்."

பாலம் தாண்டி ஜொகூர் பாருவுக்கு, மூன்று மாதமாகக் கூட்டாளிகளோடு பிளான் பண்ணிய ட்ரிப். சும்மா விடுவேனா?

"நீங்கதான் தினமும் டெக்கா மார்க்கெட் பக்கம் வேலைக்குப் போறீங்க. மீன் தலைக் கறி வாசம் தெருவுக்கே வருது. உங்களை யாரும் கேக்க மாட்டாங்களா?"

"அங்க தின்னுட்டு முள்ளை வீட்டுக்கா தூக்கிட்டு வருவேன்?"

நியாயமான கேள்விதான்.

"விடுங்க, பழைய முள்ளா இருக்கும்," என்றார் அம்மா. பீன்ஸை ரொம்பவே பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நானே தேய்ச்சேன் மங்களம்! ஒரு பருக்கை இல்ல!"

கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டு உமைர் அண்ணன், அமீரா அக்காவின் கணவர். கையில் பிளாஸ்டிக் பேசின், அது நிறைய எச்சில் தட்டு.

"அக்கா, இன்னைக்குச் சுறாப்புட்டு சூப்பர் லா. அமீரா முழுசா சாப்பிட்டுச்சு. பிள்ளைக்கும் பால்..."

அப்பாவைப் பார்த்ததும் நிறுத்தினார்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அமீரா பிள்ளை பெத்துப் பதினாறு நாளுங்க. அமீராவுக்கு அம்மா இல்ல. பால் ஊறணும்னா சுறா வேணும். அவங்க வீட்டு அடுப்புலதான் செஞ்சு கொடுக்குறேன். நான் வாயில வைக்கல."

"அப்புறம் தட்டு ஏன் இங்க வருது?"

"பச்சை உடம்பு. தண்ணியில கை வைக்கலாமா?"

"உங்க கைக்கு என்ன ஆச்சுண்ணே?" உமைர் அண்ணனை நான்தான் கேட்டேன். யாராவது கேட்க வேண்டும் இல்லையா?

"நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்கிடுறேன் லா. எழுந்து கழுவலாம்னு வச்சா, அதுக்குள்ள அமீராவே கழுவிடுது. அக்காகிட்ட நல்லா ஏச்சு வாங்கிட்டேன்."

அப்பா பேசினில் இருந்த தட்டுகளை எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குப் புரட்டாசின்னு எனக்குத் தெரியாதுண்ணே. மன்னிச்சிருங்க. எடுத்துட்டுப் போயிடுறேன்." உமைர் அண்ணன் திரும்பினார்.

"நில்லுங்க தம்பி."

அப்பா பேசினை வாங்கினார். மூக்கைச் சுளித்துக்கொண்டே தட்டில் கிடந்ததையெல்லாம் வழித்துக் குப்பையில் தள்ளினார். வடிகட்டியை என்னிடமிருந்து பிடுங்கி, கழுவி, மாட்டினார். தட்டுகளை மெஷினில் அடுக்கி ஸ்விட்சைத் தட்டினார்.

"மாசம் முடியுற வரைக்கும் மெஷின் அமீராவுக்கு. நம்ம தட்டு இதுல போக வேணாம். கையில கழுவிக்கலாம்."

"யார் கையில?" என்றார் அம்மா.

"என் கையிலதான்."

"அப்போ என் ஜேபி?"

"போய்த் தொலை."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் முறையாக, அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு சின்க் முன்னால் நின்றார். அங்கிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"மங்களம், இதுல பாத்திரம் தேய்க்கிற சோப்பு எது?"