சத்தமில்லாத சிவப்பு

அவன் விளையாடத் தொடங்கினால் மட்டும் மணி அடித்தது.

வேலை செய்யும்போது அடித்ததே இல்லை.

மணி என்பது அடுத்த அறைக் கட்டிலின் கம்பியில் டேப் போட்டு ஒட்டிய ஒரு பொத்தான். அழுத்தினால், அவன் மேசைக்கு மேலே சுவரில் ஒரு குருவி கூவும். வாசலுக்கென்று வாங்கிய காலிங் பெல்தான். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து மனைவி படுக்கையில் விழுந்த பிறகு இடம் மாறியது.

தமயந்தியால் தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தண்ணீர், பெட்பேன், எல்லாவற்றுக்கும் அவன்தான்.

கதவு மூடியிருக்கிறது. அவன் காதில் ஹெட்ஃபோன். திரை அவளுக்குத் தெரியாது.

பிறகு எப்படி?

காலையில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கைகள் தட்டுவான். குருவி வாய் திறக்காது. மதியம் கணினி ஆட்டத்துக்குள் நுழைவான். ஐந்தாவது நிமிடம் கூவும். எழுந்து போய்த் திரும்பினால் திரையில் அவன் செத்துக் கிடப்பான். குழுவில் நாலு பேர் திட்டியிருப்பார்கள்.

சோதித்துப் பார்த்தான்.

ஒருநாள் காலையிலேயே விளையாடினான். கூவியது.

இன்னொரு நாள் மதியமும் வேலை செய்தான். மாலை ஆறுவரை கூவவில்லை.

ஆகவே நேரம் காரணமில்லை.

புரட்டும்போது அவளிடமே கேட்டுவிட்டான்.

அவள் சிரித்தாள். "டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவகிட்ட கேக்குற கேள்வியா இது? வேலைன்னா கட்டையெல்லாம் மழ பெய்யுற மாதிரி கேக்கும். விளையாட்டுன்னா ஓரமா நாலு கட்டையப் புடிச்சு உலுக்குறீங்க. நடுவுல பெரிய கட்டைய வேற தொம்மு தொம்முன்னு."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"வேலை நேரத்துல கூப்பிடக் கூடாதுல்ல. அதான் நீங்க விளையாட உக்கார்ற வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடப்பேன்."

அவன் அவள் தலையணையைச் சரிசெய்தான். அறைக்குத் திரும்பி, கீபோர்டிலிருந்து ஒரு விசையைப் பிடுங்கிப் பார்த்தான்.

விசைக்குக் கீழே நீல ஸ்விட்ச். அடியில் ஒரு சுருள்வில், அதன்மேல் ஒரு தண்டு. தண்டைச் சுற்றி ஒரு சின்ன வளையம். விசையை அழுத்தினால் வளையம் பாதி வழிவரை தண்டோடு இறங்கும். பிறகு சட்டென்று விடுபட்டுத் துள்ளி, கீழே மோதும். அந்த மோதல்தான் சத்தம். நூற்று நான்கு விசைகளுக்கும் நூற்று நான்கு துள்ளல்கள். மரக்கதவால் அதைத் தடுக்க முடியாது.

அழகான ஏற்பாடு. ஆனால் காட்டிக்கொடுக்கிறது.

மறுநாள் அவளை இடப்பக்கமாகப் புரட்டிவிட்டு, வேறு கீபோர்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போனான்.

"டைப்பிங்குக்கா சார், கேமிங்குக்கா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுக்கும்."

"அப்ப இந்தச் சின்னத எடுத்துக்குங்க. ஓரத்துல நம்பர் கட்டை வராது. டேபிள்ல ஒரு சாண் எடம் மிச்சம். ஸ்விட்ச் சைலன்ட் ரெட் போட்டுக்குங்க, வீட்ல திட்ட மாட்டாங்க."

"அவ திட்டவே மாட்டா."

சத்தமில்லாத சிவப்பு. இதில் துள்ளும் வளையம் கிடையாது. தண்டு மேலும் கீழும் முட்டும் இடங்களில் பொட்டு போல ரப்பர். மோத வேண்டியது, அமுங்கி நின்றுவிடும். விரலுக்குத் தெரியும். காதுக்குத் தெரியாது.

அன்று மதியம் விளையாடினான். வீடே அமைதியாக இருந்தது.

மூன்றாவது நிமிடம் குருவி கூவியது.

"சத்தமே காணோம்," என்றாள். "சும்மாத்தான் இருக்கீங்கன்னு நெனச்சேன்."

அமைதி என்றால் அவளுக்கு ஓய்வு. சத்தத்தை எடுத்தது பாதி விடைதான். சரியான சத்தத்தைக் கொடுப்பது மீதி.

மறுநாள் காலை பழைய நீலத்திலேயே அறிக்கை தட்டினான். அரைமணி நேரத்தைக் கைபேசியில் பதிவு செய்தான். மதியம் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு விளையாடினான். குருவி கூவவில்லை.

இரவு இட்லி ஊட்டும்போது அவள் கேட்டாள். "இன்னிக்கு ஒரே லெட்டரையே எத்தன தடவ அடிச்சீங்க? மேனேஜர் படுத்துறாரா? பாவம் நீங்க."

நல்ல காது.

அடுத்த நாள் காலையிலிருந்து மதியம்வரை முழுதாகப் பதிவு செய்தான். விசைகளின் மழை நன்றாகப் பெய்தது. இடையில் இரண்டு இருமல், நாற்காலியின் ஒரு கிறீச். அவற்றை வெட்டவில்லை. அவை இருந்தால்தான் நம்புவாள்.

சின்னக் கீபோர்டு மிச்சம் வைத்த ஒரு சாண் இடத்தில் ஸ்பீக்கர் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தான்.

இப்போது விரல்கள் சிவப்பின்மேல் ஓடுகின்றன. நீலம் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கிறது.

பதிவின் நீளம் நான்கு மணி நேரம் இருபது நிமிடம். அது முடியும்வரை குருவி கூவுவதில்லை.