லிஃப்டாக நின்ற அப்பா

"சார், கொஞ்சம் வெளிய வந்து பேசலாமே?"

"முடியாது மேடம். இப்ப நான் லிஃப்ட்."

குழந்தைகள் விளையாட்டு வாரிய ஆய்வாளர் செங்கமலம் தலையாட்டினார். சட்டப்படி அது சரியான பதில்தான். குழந்தை தொடங்கிய விளையாட்டைக் குழந்தைதான் முடிக்க வேண்டும். நான்கு வயது இனியாள் இன்னும் முடிக்கவில்லை. அவள் அப்பா புகழேந்தி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கைகளைக் கதவுபோல் மூடிக்கொண்டு செவ்வாய்க்கிழமையிலிருந்து நிற்கிறார்.

"முன்னாடியும் வீட்டு வேலைன்னா அசைய மாட்டார். பெருசா வித்தியாசம் தெரியல மேடம்" என்றபடி மனைவி அவருக்கு இட்லி ஊட்டினாள்.

"நாலு வயசாகியும் பாப்பா இன்னும் ஒரு வார்த்தை பேசலையே. இன்னைக்கும் பேசலைன்னா எங்க பேச்சுப் பயிற்சி மையத்துக்கே கூட்டிட்டுப் போயிடுவோம். அங்க நிஜ லிஃப்டே இருக்கு" என்றார் ஆய்வாளர்.

அப்போது இனியாள் வந்து அப்பாவின் சட்டைப் பொத்தானை அழுத்தினாள். கைகள் திறந்தன. ஆய்வாளரையும் சேலையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். கைகள் மூடின. மூவரும் நெருக்கியடித்து நின்றார்கள். வழக்கமாக லிஃப்ட் தானாகவே ஏதோ ஒரு மாடிக்குக் கிளம்பிவிடும். இன்று கிளம்பவில்லை. இனியாள் நிமிர்ந்து லிஃப்டின் முகத்தைப் பார்த்தாள்.

"எந்த மாடி கண்ணு?" என்றது லிஃப்ட், நடுங்கும் குரலில். "ஏதாவது ஒரு மாடி சொல்லும்மா."