முட்டி போடாத மருமகள்

"முட்டி போடு. இல்லன்னா அந்த சேனலை இழுத்து மூடு. ரெண்டுல ஒண்ணு!"

வேலை பார்க்கும் லாகோஸிலிருந்து விடியற்காலை வண்டி பிடித்து இபாதானில் தன் வீட்டுக்கு வந்து இறங்கிய ஜுவோன், கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கத்தினான்.

அடுப்பில் அமலாக் களி கிண்டிக்கொண்டிருந்த அவன் மனைவி மொரெனிகே திரும்பிப் பார்த்தாள். "வாங்க. ரெண்டும் நடக்காது. சாப்பிடறீங்களா?"

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே?

அவன் பொண்டாட்டி தினமும் போடிஜா மார்க்கெட்டுக்குப் போய், மிளகாய் விற்கும் மாமியாரோடு உட்கார்ந்து வீடியோ எடுத்துப் போடுகிறாள். மாமியாரும் மருமகளும் ஒருத்தியை ஒருத்தி வாரிக்கொள்வார்கள். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எவனோ ஒருத்தன் அதைக் கவனித்துத் தொலைக்கும்வரை.

இவள் மாமியாருக்கு முட்டி போட்டு வணக்கம் சொல்வதே இல்லை!

யொரூபா வீட்டு மருமகள், மாமியாரைக் கண்டதும் இரண்டு முட்டியும் தரையில் பட வேண்டாமா? இவளோ விறைப்பாகப் போய் நிற்கிறாள். அதுவும் எப்படி? மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி, நிமிர்ந்த தலையோடு!

கமெண்டுகள் நாறின. 'எந்த வீட்டு வளர்ப்பு இது?' 'புருஷன்னு ஒருத்தன் இருக்கானா, இல்ல ஓடிட்டானா?' ஜுவோனின் ஒர்க் ஷாப்பில் இதையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டி வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதற்கு இவள் பதில் வீடியோ போட்ட அழகைப் பார்க்கணுமே! மிளகாய்க் கூடைக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு: "முட்டி போட மாட்டேன். இன்னிக்கும் மாட்டேன், நாளைக்கும் மாட்டேன். என் முட்டி, என் மாமியார். உங்களுக்கு முட்டி அரிச்சா உங்க வீட்டுப் பெரியவங்க முன்னாடி போய்ப் போடுங்க. சரி, அடுத்து யாரு?"

அதற்கப்புறம் வசவு இரண்டு மடங்காயிற்று.

"எங்கம்மா உனக்கு அவ்வளவு இளப்பமா போயிட்டாங்களா?" என்றான் ஜுவோன்.

"இளப்பம்னு நான் சொன்னேனா?"

"அப்ப ஒரே ஒரு வாட்டி போட்டுக் காமிச்சா என்ன, குறைஞ்சா போயிடுவே? பெரியப்பா போன் பண்ணிட்டாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ முட்டி போடலன்னா, இனிமே குடும்பத்துல எந்த விசேஷத்துக்கும் உனக்கு அழைப்பு கிடையாதாம்."

கிண்டிக்கொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி கிண்டினாள். "நல்லதாப் போச்சு. நூறு பேருக்குச் சமைக்கிற வேலை மிச்சம்."

"திமிரு!"

"ஆமா, திமிருதான். அப்படியே வெச்சுக்கோங்க."

"காரணத்தையாவது சொல்லித் தொலையேன்!"

"சொல்ல மாட்டேன்."

"சரி, எங்கம்மாகிட்டயே போய்க் கேட்டுக்கறேன்."

அதுவரை வாய்க்கு வாய் பதில் சொன்னவளின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "வேண்டாங்க. என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. அவங்ககிட்ட மட்டும் போகாதீங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

ஆஹா, வசமாக மாட்டினாள்! அம்மா வாயைத் திறந்தால் இவள் வண்டவாளமெல்லாம் வெளியே வந்துவிடுமே, அந்தப் பயம். மொரெனிகே செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் அவன் ஒரு வாடகை பைக்கில் ஏறிப் பறந்துவிட்டான்.

மார்க்கெட்டில் இன்னும் கூட்டம் சேரவில்லை. அம்மா சிவப்பு மிளகாயைத் தகர டப்பாக்களில் கூம்பாகக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

"அட, என் ஜுவோனா! என்னடா இது, சொல்லாம கொள்ளாம?" வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனுக்கு மொரெனிகே மேல் ஆத்திரம் இன்னும் ஏறியது. இப்பேர்ப்பட்ட தாயையா ஊர் பார்க்க அவமானப்படுத்தினாள்! வழக்கமாக அவன் லேசாகக் குனிவதோடு சரி. இன்றைக்கு, பொண்டாட்டி செய்யாததற்கும் சேர்த்து, சாஷ்டாங்கமாக அம்மாவின் காலடியில் விழுந்தான்.

தலையில் கை வைத்து ஆசி சொல்லுவாள் என்று காத்திருந்தான். கை வரவில்லை.

"ஏன்டா இப்படி இளைச்சுட்ட? லாகோஸ்ல சோறு கீறு கிடைக்குதா இல்லியா?"

அவன் நின்றிருந்த இடத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னடா, பதிலையே காணோம்?" கையை நீட்டிக் காற்றில் துழாவினாள். "ஜுவோன்? எங்கடா போயிட்ட?"

கீழே கிடந்தபடியே அவன் அண்ணாந்து பார்த்தான்.

"அம்மா... உனக்குக் கண்ணு..."

"ஷ்ஷ்! மெதுவா!" சத்தம் தரையிலிருந்து வந்ததும் அவள் பதறிப்போனாள். "பக்கத்துக் கடைக்குக் கேட்கப் போகுதுடா. போன மழைக்காலத்துலயே பார்வை போயிடுச்சு. கிட்ட வந்து, மூஞ்சிக்கு நேரா நின்னா ஏதோ நிழலாட்டம் தெரியும், அவ்வளவுதான். தெரிஞ்சா நீங்கள்லாம் சேர்ந்து கடையை மூடிட்டு என்னை வீட்டு மூலையில உட்கார வெச்சிடுவீங்க. நான் உட்கார மாட்டேன், சொல்லிட்டேன்!"

"மொரெனிகேவுக்கு இது..."

"அவளுக்கு மட்டுந்தான் தெரியும். வீடியோங்கிற சாக்குல தினம் வந்து கூடமாட வியாபாரம் பாக்குறா. உண்மையச் சொல்லிடறேன்டின்னாலும் கேக்க மாட்டேங்குறா." அம்மாவின் கை ஒருவழியாக அவன் தலையைக் கண்டுபிடித்தது. "கண்ணு போன புதுசுல அவளும் ஒழுங்கா முட்டிதான் போட்டாடா. நான் அவளைக் காணாம காத்துல தேடினதை நாலு பேர் ஒரு மாதிரியா பாத்தாங்க. அன்னிக்கு நிமிர்ந்தவதான், எவன் என்ன திட்டினாலும் அவ எனக்கு முன்னாடி குனியறதே இல்ல."