லம்பாசாவுக்கு யார் போவது?

"இலைசாவை மட்டும் லம்பாசாவுக்கு மேனேஜரா அனுப்பிடாதீங்க சார். கிளை மூழ்கிடும்."

கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்து இதைச் சொன்னாள் மெரேவாய். பெயருக்கேற்ற வாய்.

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் இருக்கும் அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் மேலாளர் வாங்கா, பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்துத் தீவிலிருக்கும் லம்பாசாவில் புதுக் கிளை திறக்கப் போகிறோம், உங்கள் இருவரில் ஒருவர்தான் அங்கே மேனேஜர் என்று அவளிடமும் இலைசாவிடமும் அன்று காலைதான் சொல்லியிருந்தார். மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை.

"அவன்கிட்ட என்னம்மா குறை?"

"எதுல குறை இல்ல? டீயில மூணு ஸ்பூன் சர்க்கரை போடுவான். அவங்க அப்பாவுக்கே சர்க்கரை வியாதி. இங்க நான் கத்தறதால ஒண்ணோட நிறுத்தறான். அங்க யாரு கத்துவா?"

"அதுல கிளைக்கு என்ன நஷ்டம்?"

"மேனேஜர் படுத்தா கிளை படுக்காதா சார்?"

நாலு வருஷமாக இருவருக்கும் ஆகாது. யார் அதிகம் பாலிசி பிடிப்பது என்று ஆரம்பித்த சண்டை, மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்பது வரை வந்திருந்தது. போன மாதம் இலைசா தன் மேஜையைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

"முதுகும் மூஞ்சி மாதிரியேதான் இருக்கு" என்றாள் அவள்.

அவள் போன கையோடு இலைசா வந்து நின்றான்.

"உங்க நல்லதுக்குச் சொல்றேன் சார். மெரேவாய் போனா லம்பாசாவுல ஒரு வாடிக்கையாளர் மிஞ்ச மாட்டான்."

"ஏன், திட்டுவாளா?"

"வேலைன்னு உட்கார்ந்தா சாப்பிட மாட்டா சார். பசிச்சா எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவா. இங்க பன்னெண்டு மணி ஆனா, நான் ரொட்டியைப் பிரிச்சு 'உனக்குக் கிடையாது'ன்னு காட்டுவேன். ரோஷத்துல பிடுங்கித் தின்னுடுவா. அங்க யாரு காட்டுவா?"

"அப்ப நீ தினமும் பட்டினியா?"

"ரெண்டு வாங்கிட்டு வந்துடுவேன் சார்."

வாங்கா இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"அவன் வேண்டாம்னா நீ போ மெரேவாய்."

"எனக்குக் கப்பல் ஒத்துக்காது சார்."

"விமானம் இருக்கே."

"அதுவும் ஒத்துக்காது."

"சரி, நீ போ இலைசா."

"எங்க அம்மா விட மாட்டாங்க சார்."

"உங்க அம்மா லம்பாசாவுலதானேப்பா இருக்காங்க?"

"அதனாலதான் சார்."

"அப்ப வெளியாளைப் போட்டுடறேன். இப்படி ஒரு பதவி இன்னும் பத்து வருஷத்துக்கு உங்க ரெண்டு பேருக்கும் வராது. நல்லா யோசிச்சுக்கங்க."

மெரேவாய் தரையைப் பார்த்துக்கொண்டு இலைசாவிடம் சொன்னாள்.

"நீயே போ. மேனேஜர் ஆகணும்னு உனக்குத்தான் இத்தனை வருஷமா ஆசை. நான் சொன்னதெல்லாம் சார் மறந்துடுவாரு."

"நான் போயிட்டா?"

"போயிட்டா நிம்மதி."

"நிம்மதியா இருந்து என்ன பண்ணுவே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண்தான் கலங்கியது.

"யாரோட சண்டை போடுவேன்?"

இலைசா தலையைச் சொறிந்தான். "உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது. அதான் மேஜையைத் திருப்பிப் போட்டேன்."

"கழுதை. இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க பேச விட்டே?"

வாங்கா மெல்ல இருமினார். அப்போதுதான் இருவருக்கும் அவர் ஞாபகம் வந்தது.

"வெளியாளையே போட்டுடுங்க சார்" என்றார்கள், ஒரே குரலில். நாலு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

யார் வீட்டில் முதலில் சொல்வது என்று சண்டை போட்டுக்கொண்டே இருவரும் வெளியேறினார்கள். அவர்களுக்கு வழிவிட்டு உள்ளே வந்தாள் செயலாளர் லோசலினி.

"சார், லம்பாசா கிளைக்கு வெளியாள் வேணும்னு பேப்பர்ல விளம்பரம் குடுத்துடட்டுமா?"

"எந்தக் கிளைம்மா?" என்றார் வாங்கா. "இதுங்க ரெண்டும் தானாப் பேசிக்கும்னு நாலு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். முடியல. அதான் இன்னிக்குக் காலையில வாயாலேயே ஒரு கிளை திறந்தேன்."