கழற்றாத வாட்ச்

மைதீன் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்ததும், வாட்ச்சிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேஜையில் விழுந்தது.

“கையில வாட்ச்சோட அருவியில போய் நிப்பாவளா, அண்ணாச்சி?”

மைதீன் கேட்டது சங்கரபாண்டியிடம். போலீஸ் வேலையில் இருந்தபோது பதினோரு சீசன் குற்றாலம் மெயினருவியில் டூட்டி பார்த்தவர். வாட்ச்சைக் கழற்று, செயினைக் கழற்று என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிய மனுஷன். ஊருக்குத்தான் உபதேசமா என்று மைதீன் கேட்காமல் விட்டதே பெரிது.

கல்யாணமான வருஷம் தங்கபுஷ்பம் பீடி சுற்றிச் சேர்த்து வாங்கித் தந்த வாட்ச். தினமும் அவளே சாவி கொடுத்து அவர் கையில் கட்டிவிடுவாள்.

இப்போது வெள்ளை டயல் முழுக்கத் துருக்கறை. முட்கள் பத்தேகாலில் நின்றுவிட்டன.

எப்படியாவது அது ஓட வேண்டும். தலையணைக்கடியில் அந்தச் சத்தம் இல்லாமல் ஐந்து நாளாக அவருக்குத் தூக்கம் இல்லை. வீட்டில் சத்தம் என்று இருந்ததே அதுதான்.

“ஓட வச்சிருதேன். டயலும் முள்ளும் மட்டும் புதுசு போடணும். ஆனா இன்னொரு தடவை தண்ணி பட்டா தாங்காது. இனிமே கழட்டிக் கரையில ஒரு ஆள் கையில குடுத்துட்டுக் குளிங்க.”

அதைத்தான் அன்றும் செய்யப் பார்த்தார் சங்கரபாண்டி.

நாற்பது சீசனாகக் கணவனும் மனைவியும் முறை போட்டுத்தான் குளிப்பார்கள். முதலில் அவர். வாட்ச்சைக் கழற்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவார். தங்கபுஷ்பம் வாங்கிக்கொள்வாள். அவர் ஈரத்தோடு வந்த பிறகு தன் மூக்குக்கண்ணாடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போவாள்.

போன வாரமும் வழக்கம்போல் கழற்றினார். வழக்கம்போல் கையைப் பின்னால் நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை.

அவள் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

பின்னால் நின்ற கூட்டம் நகரச் சொன்னது. வாட்ச்சை மறுபடி கட்டிக்கொண்டு அருவிக்குள் போய்விட்டார்.

மைதீன் புது டயல் தேடி டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார். சங்கரபாண்டி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். வேண்டாம், அப்படியே மூடிக் கொடுங்கள் என்றார்.

சத்தம் இல்லாமல்கூட இருந்துகொள்ளலாம். அந்தக் கையை இன்னொரு தடவை நீட்ட அவருக்குத் தெம்பில்லை.

நின்றுபோன வாட்ச்சைக் கட்டிக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினார். இனி அதை யாரிடமும் கழற்றிக் கொடுக்க வேண்டியதில்லை.